கைவிடப்பட்ட பெர்ல் மாட்யூல்: பொறுப்பேற்பதா, கிளை பிரிப்பதா, புதிதாக எழுதுவதா?

ஹட்டன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் முழுக்கப் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது; அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. அதை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற நம் பிள்ளைகள் பயன்படுத்துவது ஒரு பழைய மாட்யூல்; அதாவது, பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய, மற்ற நிரல்களும் எடுத்தாளக்கூடிய நிரல் தொகுதி. எழுதியவர் அதில் கைவைத்துப் பல வருடங்களாகின்றன. இனி என்ன செய்யலாம் என்று கதைத்தபோது மூன்று வழிகள் வந்தன.

பைத்தன் என்ற இன்னொரு நிரல்மொழியில் புதிதாக எழுதலாம் என்பதற்குத்தான் இளையவர்களிடம் ஆதரவு அதிகம். ஆனால் அந்த வேலை பார்வைக்குத் தெரிவதுபோல் லேசானதல்ல. ‘மலை’ என்ற சொல் பாமினியில் கே, ஐ, வை என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். அதில் ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வரவேண்டும். ‘கொ’ இன்னும் சிக்கல்: ககரத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்க வேண்டும். இந்த நுணுக்கமெல்லாம் பழைய நிரலில் ஏற்கெனவே உண்டு. அப்புறம், எழுத்தை எண்ணும் பிரச்சினை. பெர்லில், நிரல் யூனிகோடில் இருக்கிறது என்று சொல்லும் ‘யூஸ் யூடிஎஃப்8’ வரியைப் போடாமல் ‘மலை’யின் நீளத்தைக் கேட்டால் பைட்களை எண்ணி 9 என்கும், போட்டால் யூனிகோடு குறிகளை எண்ணி 3. குறியோடு சேர்ந்த முழு எழுத்தைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் எக்ஸ் வைத்து எண்ணினால்தான் சரியான 2 வரும். பைத்தனோடு வரும், சொல்வடிவம் தேடும் ‘ஆர்இ’ மாட்யூலில் அந்த வசதி இல்லை. ‘ரெஜெக்ஸ்’ என்ற வெளி மாட்யூல் வேண்டும். ஆக, பெர்லை விட்டு வந்தாலும் இன்னொருவர் பராமரிக்கும் மாட்யூலைத்தான் நம்பவேண்டும்.

கிளை பிரிப்பது, அதாவது பழைய நிரலைப் பிரதியெடுத்துத் தனியாக வளர்ப்பது, வேகமானது. உரிமம் இடம் கொடுத்தால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. புதுப் பெயரில் இன்றைக்கே வெளியிடலாம். ஆனால் பழைய பெயரைத் தெரிந்தவர்கள் பழையதையே நிறுவுவார்கள். மழைக்காலத்தில் கரண்ட்டும் டேட்டாவும் இழுபறியாக இருக்கும் ஊரில், பெயர் மாறிய செய்தி எத்தனை பேரைச் சேரும்? மூல ஆசிரியர் இருந்தும் திருத்தங்களை மறுத்தால் மட்டுமே இந்த வழி எனக்குச் சரி.

என் தெரிவு, அதே பெயரில் பொறுப்பேற்பது. பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சிபேன் 1995 முதல் இயங்குகிறது. மாட்யூல் கைமாற அங்கே முறை இருக்கிறது. முதலில் ஆசிரியருக்கு எழுதி இணைப் பராமரிப்பாளர் உரிமை கேட்க வேண்டும். நியாயமான காலம் காத்திருந்தும் பதில் வராவிட்டால், பதிவேற்றத் தளமான பாஸின் நிர்வாகிகளிடம் கோரலாம். கிடைத்துவிட்டால் பழைய பயனர்கள் அதே பெயரில் புதுப்பிக்கும்போதே திருத்தம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். சிபேன் டெஸ்டர்ஸ் தொண்டர்கள் பலவகை இயங்குதளங்களிலும் பெர்ல் பதிப்புகளிலும் சோதித்து அறிக்கை தருவார்கள். நம்மிடம் இல்லாத கம்ப்யூட்டரிலும் இலவசமாகச் சோதனை நடக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆபத்தும் இதில்தான் அதிகம். 2018இல், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான களஞ்சியமான என்பிஎம்மில் ‘ஈவன்ட்-ஸ்ட்ரீம்’ மாட்யூலை அதன் ஆசிரியர் உதவ முன்வந்த ஒருவரிடம் ஒப்படைத்தார். அந்த ஆள் சேர்த்த துணை மாட்யூல் வழியே பிட்கொயின் திருடும் நிரல் உள்ளே வந்தது. அதனால் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. இரண்டு பேர் பார்த்த பின்பே வெளியீடு.

புதுப்பிக்கும்போதும் அவசரப்படக் கூடாது. பெர்ல் 5.36 பதிப்பைக் கேட்கும் ‘யூஸ் வி5.36’ என்ற ஒரே வரி கண்டிப்பு விதிகள், எச்சரிக்கைகள், சிக்னேச்சர் (செயற்கூறு பெறும் உள்ளீடுகளைத் தலைப்பிலேயே பெயரிடும் வசதி) மூன்றையும் தந்துவிடும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் உபுண்டு 20.04 என்ற பழைய இயங்குதளப் பதிப்பில் இருப்பது பெர்ல் 5.30. அந்த வரியைப் போட்ட கணமே அப்படிப்பட்ட பழைய லெப்டொப்களில் மாட்யூல் ஓடாது. 2015இல் பெர்ல் 5.22 வந்தபோது, இணையதள நிரல்களுக்கான பழைய சிஜிஐ மாட்யூலை பெர்லோடு சேர்ந்தே வரும் மையத் தொகுப்பிலிருந்து எடுத்தார்கள்; சிபேனில் விட்டுவைத்தார்கள். தேவைப்பட்டவர் நிறுவிக்கொண்டார். அந்தப் பக்குவம்தான் நமக்கும் வேண்டும்.

எனவே முதல் வெளியீட்டில் புது அம்சம் எதுவும் வேண்டாம். பட்டியலிலுள்ள பெயர்களை அப்படியே போடாமல், அதே எழுத்துச் சேர்க்கைகள் வரும் சொற்களை எடுத்துச் சோதனைக் கோப்பு எழுதுவோம். ஒகர, ஓகார, ஔகாரச் சொற்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும். ஆசிரியருக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடலாம்.