விவாகரத்தில் வீட்டுக்கு விலை: வழிகாட்டி மதிப்பா, மதிப்பீட்டாளர் அறிக்கையா?

இருவர் பேரிலும் உள்ள ஃபிளாட்டை ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பதாகப் பேச்சு. எந்த விலையில்?

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதன் நன்மை அவ்வளவுதான். அது பத்திரம் பதியும்போது அரசுக்குக் கட்டும் முத்திரைத்தீர்வைக்கான கணக்கு. 2017-ல் தமிழக அரசு ஒரே உத்தரவில் அதை 33% குறைத்தது. 2023-ல் மறுபடி ஏற்றியது. அதற்காக வீட்டு விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லையே! ஆனாலும் வீட்டை வைத்துக்கொள்பவர் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு பேசுவார்.

பதிவுபெற்ற மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் உண்டு. அவர் நேரில் வந்து கட்டடத்தின் வயது, பிளானை மீறிய கட்டுமானம், அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற விலை எல்லாம் பார்ப்பார். முக்கியமாக யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்கள் பிரிபடாத பாகம். முப்பது வருட ஃபிளாட்டில் சுவருக்கு மதிப்பு குறைவு, மண்ணுக்குத்தான் விலை. ஒருவர் மட்டும் அமர்த்தினால் மற்றவர் அறிக்கையை நம்பமாட்டார். சேர்ந்தே அமர்த்தி, கட்டணத்தைப் பாதிப்பாதி போடுங்கள். பாக்கி வீட்டுக்கடனைக் கழித்த பிறகே பங்கு.

என் ஓட்டு மதிப்பீட்டாளருக்குத்தான். ஆனால் ஒருவர் தன் பாகத்தை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதியும்போது வழிகாட்டி மதிப்பு இல்லாமல் நடக்காது. குடும்பத்தினருக்கான தீர்வைச் சலுகை கணவன், மனைவி என்ற உறவை வைத்து வருவது. விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் அந்த உறவு முடிந்துவிடும்; எனவே பத்திரத்தை அதற்கு முன்பே பதியலாமா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.