தொலைபேசியில் நடக்கும் போர்: 'தி சாண்ட்பேக்கர்ஸ்' டிவிடியில் மறுபடியும்

பிரிட்டனின் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி 1978 முதல் 1980 வரை மூன்று பருவங்களாக வழங்கிய 'தி சாண்ட்பேக்கர்ஸ்' என்னும் ஒற்றர் தொடரின் 20 அத்தியாயங்களையும், பல ஆண்டு இடைவெளிக்குப் பின், டிவிடியில் வரிசையாகப் பார்த்து முடித்தேன். முதல்முறை பார்த்தபோது நீல் பர்ன்சைடு என்னும் அதிகாரியின் பக்கம் நின்றே முழுத் தொடரையும் பார்த்திருந்தேன். இம்முறை அப்படி நிற்க முடியவில்லை. இந்த மாற்றம் என் வயதால் வந்தது என்று முதலில் எண்ணினேன். ஆனால் வட்டைப் பின்னோக்கி நகர்த்திச் சில காட்சிகளை மீண்டும் பார்த்த பிறகுதான், கதையை எழுதியவர் இதைத் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு வைத்திருக்கிறார் என்பது புலப்பட்டது.

பர்ன்சைடு, பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையில் செயல்பாடுகளுக்கான இயக்குநர். மிக ஆபத்தான பணிகளுக்கென அவரிடம் உள்ள சிறு குழுவினரே சாண்ட்பேக்கர்கள். குழு முழுமையாக இருக்கும்போதே மூவர்தாம். மூன்றாம் அத்தியாயம் முடிகையில் வில்லி கெய்ன் ஒருவர் மட்டுமே எஞ்சுகிறார். துப்பாக்கிச் சண்டையையும் கார்த் துரத்தலையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இத்தொடர் ஏமாற்றமாகவே இருக்கும், ஏனெனில் ஐம்பது நிமிட அத்தியாயத்தில் பெரும்பகுதி அலுவலக அறைகளிலும் தாழ்வாரங்களிலும் தொலைபேசியிலுமே கழிகிறது. மாஸ்கோவை எதிர்ப்பதைவிட, விதிமுறை பேசும் துணைத்தலைவர் பீலையும், வெளியுறவு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலர் வெலிங்ஹாமையும் இணங்கவைப்பதற்கே பர்ன்சைடு தம் நாளில் பாதியைச் செலவிடுகிறார். வெலிங்ஹாம் அவருடைய முன்னாள் மாமனார் என்பது வேறு. ஒரு கையொப்பத்துக்காக அறை அறையாக அலைந்த அனுபவம் உள்ளவர்கள் இக்காட்சிகளில் பெரும்பதற்றத்தையே உணர்வார்கள்.

இதை உருவாக்கிய இயன் மெக்கின்டாஷ், அரச கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். உளவுப்பணியை அவர் வீரமாகக் காட்டுவதில்லை, பற்றாக்குறையாகவே காட்டுகிறார். ஆள் போதாது, பணம் போதாது, தகவலுக்கு அமெரிக்காவின் சிஐஏவை நம்பியே காலம் தள்ள வேண்டியிருக்கிறது. லண்டனில் இருக்கும் சிஐஏ அதிகாரி ஜெஃப் ராஸுடன் பர்ன்சைடு கொண்டுள்ள நட்பும் இந்தச் சார்பின் மேல்தான் நிற்கிறது. முதல் பருவத்தின் இறுதி அத்தியாயத்தை முன்பே பார்த்துவிட்டு, அந்த அறிவோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால், சாதாரண உரையாடலாகத் தோன்றிய இடங்களெல்லாம் வேறு பொருள் கொள்கின்றன.

தொடரைப் பார்க்காதவர்கள் இப்பத்தியைத் தாண்டிவிடலாம். முதல் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், கிழக்கு ஜெர்மனியில் பிடிபட்ட சாண்ட்பேக்கரான லாரா டிக்கன்ஸை மீட்க வேண்டுமென்றால் பிரெஞ்சு உளவுத்துறையின் உதவி தேவை. அதற்கு அவர்கள் கேட்கும் விலை, சிஐஏ பிரிட்டனுக்குத் தரும் தகவல்கள். அந்த விலையைக் கொடுத்தால் அமெரிக்க உறவு முறியும். கொடுக்காவிட்டால் பர்ன்சைடு நேசிக்கும் பெண் திரும்பமாட்டாள். பெர்லின் எல்லையில் கைதிப் பரிமாற்றம் நடக்கும் வேளையில், அவர் ஏற்பாட்டின்படியே லாரா சுட்டுக் கொல்லப்படுகிறாள். முதல்முறை இதை ஒரு தியாகமாகக் கண்டு கலங்கினேன். இப்போது, அவர் மற்றவர்களின் உயிரை எத்தனை எளிதாகக் கணக்கில் வைத்துக் கழிக்கிறார் என்பதற்கான சான்றுகள் அதற்கு முந்தைய அத்தியாயங்களில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதே கண்ணில் படுகிறது. பர்ன்சைடாக வரும் ராய் மார்ஸ்டன் முகத்தில் அதிகம் எதையும் காட்டாமல் நடித்திருப்பதால், இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. கெய்னாக வரும் ரே லானன்தான் தொடரின் மனச்சாட்சி. துப்பாக்கியை வெறுக்கும் இந்த முன்னாள் படைவீரர் இல்லையென்றால் பர்ன்சைடை இருபது அத்தியாயம் தாங்கியிருக்க முடியாது.

படத்தின் தரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறைக்காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோ கேமராவிலும், வெளிப்புறக் காட்சிகள் 16 மி.மீ. படச்சுருளிலும் எடுக்கப்பட்டவை. கதவைத் திறந்து ஒருவர் தெருவுக்கு வந்ததும் நிறமும் கூர்மையும் சட்டென்று மாறிவிடும். பெரிய தொலைக்காட்சித் திரையில் இது இன்னும் உறுத்துகிறது. அக்காலப் பிரிட்டன் தொடர்கள் பலவற்றுக்கும் இது பொதுவானது என்பதால் ஓரிரு அத்தியாயங்களில் பழகிவிடும். அக்காலப் படம் இன்றைய அகன்ற திரையைவிட ஒடுங்கியது என்பதால் திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அதை நீக்குவதற்காகப் படத்தை இழுத்து அகலமாக்கிப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம். ஒலியைப் பொறுத்தவரை, காட்சிகளின் அடியில் பின்னணி இசை அநேகமாக இல்லை. ராய் பட் அமைத்த முகப்பிசை மட்டும், சந்தூரைப் போலக் கம்பிகளைத் தட்டி வாசிக்கும் சிம்பலம் என்னும் கருவியில், நெஞ்சு படபடப்பதுபோல ஒலித்து ஓய்கிறது. அதன்பின் வரும் அமைதியில் தொலைபேசி மணி அடித்தால் நமக்கே தூக்கிவாரிப்போடுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பிரிட்டனில் இதை வெளியிட்ட நெட்வொர்க் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டதால், அந்தப் பதிப்பைப் பழைய வட்டுகள் விற்கும் இடங்களில்தான் தேட வேண்டும். டிவிடிகள் உலகின் எந்தப் பகுதியில் ஓட வேண்டும் என்பதற்கு மண்டல எண் உண்டு: பிரிட்டன் வட்டுகள் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5; ஆகவே எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் தேவை. இரு நாடுகளும் 'பால்' (PAL) என்னும் தொலைக்காட்சிப் படமுறையைப் பின்பற்றியவை என்பதால் படமுறையில் தொல்லை இராது.

இரண்டாம் பருவம் முதல் பருவத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. மூன்றாம் பருவம் ஏற்றத்தாழ்வானது, காரணம் சோகமானது. 1979 ஜூலையில் மெக்கின்டாஷ் பயணம் செய்த சிறு விமானம் அலாஸ்கா வளைகுடாப் பகுதியில் மறைந்தது, அவர் திரும்பவேயில்லை. அவர் எழுதி முடிக்காத அத்தியாயங்களைப் பிறர் எழுதினர், அவற்றில் வசனத்தின் கூர்மை மழுங்கியிருப்பது நன்றாகவே தெரிகிறது. கடைசி அத்தியாயம் ஒரு துப்பாக்கிச் சூட்டோடு பாதியில் நிற்கிறது, நான்காம் பருவம் வரவேயில்லை. முதல் பருவத்தின் ஏழு அத்தியாயங்கள் மட்டும் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். மூன்றாம் பருவம் மட்டும் தனியாகக் கிடைத்தால், முதலிரண்டும் கைக்கு வரும்வரை உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.