மண் வெப்பமானி: இரண்டு வசந்தங்கள் பயன்படுத்திய பிறகு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பாத்தி பீன்ஸ் விதைகளை அப்படியே பறிகொடுத்தேன். குளிர் விலகி நான்கு நாள் நல்ல வெயில் அடித்தது. மேல்மண் பொலபொலவென்று இருந்தது. நம்பி விதைத்துவிட்டேன். இரண்டு வாரமாகியும் ஒரு முளைகூட எட்டிப் பார்க்கவில்லை. விரலால் கிளறியபோது விதைகள் ஊதி, தோல் உரிந்து, தொட்டால் கூழாகும் நிலையில் கிடந்தன. வெயில் காற்றைத்தான் சூடாக்கியிருந்தது. விதை கிடந்த ஆழத்தில் மண் குளிர் விடவில்லை. அந்த வருத்தத்தில் வாங்கியதுதான் இந்தக் கருவி.

வட்ட முகப்பு, ஒரு சாண் நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருளாக்கித் தண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். சூடு மாறும்போது சுருள் முறுக்கி முள்ளைத் திருப்புகிறது. இதற்கு முன் வைத்திருந்த டிஜிட்டல் கருவி முதல் மழையிலேயே நீர் புகுந்து நின்றுபோனது. இது இரண்டு ஆண்டுகளாக உழைக்கிறது.

ஆனால் வாங்கியதும் நேராகப் பாத்திக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். குவளை நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, அது நனையுமளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தண்டைச் செருகி வையுங்கள். சில நிமிடங்களில் முள் 0 டிகிரியில் நிற்க வேண்டும். எனக்கு வந்தது 2 டிகிரி கூட்டிக் காட்டியது. முகப்பின் பின்னால் இருக்கும் அறுகோண மரையைத் திருப்பிச் சரிசெய்தேன். இதைப் பற்றி உடன் வந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. இதை நான் பெரிய குறையாகவே சொல்வேன். விதைப்பதா, காத்திருப்பதா என்பதையே அந்த 2 டிகிரி மாற்றிவிடும். பட்டாணி 5 டிகிரி செல்சியஸிலேயே மெதுவாக முளைத்துவிடும். பீன்ஸுக்கும் வெள்ளரிக்கும் 16 டிகிரியாவது வேண்டும்.

அளப்பது காலையில்தான். மாலையில் பார்த்தால் பகல் வெயில் ஏமாற்றும். விதை போடும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே, 5 முதல் 10 செ.மீ. வரை செருகி, முள் அசைவு நிற்கும்வரை பொறுக்க வேண்டும். நான்கைந்து நாள் தொடர்ந்து அதே அளவு இருந்தால்தான் நம்புவேன்.

என் தோட்டத்தை நான் உண்மையில் தெரிந்துகொண்டது இந்தக் கருவியால்தான். ஒரே காலையில் உயர்பாத்தியில் 12, நீர் தேங்கும் மூலைப் பாத்தியில் 9, இலைச்சருகு மூடாக்கின் அடியில் 7. ஈர மண்ணைச் சூடாக்க வெயில் கூடுதலாக உழைக்க வேண்டும். குளிர்காலத்தில் மண்ணைக் காத்த சருகோ இப்போது வெயிலை மறைக்கிறது. சருகை வரப்போரம் ஒதுக்கி, மூலைப் பாத்திக்கு வடிகால் வெட்டினேன். உயர்பாத்தியில் பாதிக்குக் கருப்பு பிளாஸ்டிக் விரித்தேன். ஒரு வாரத்தில் விரித்த பாதி, விரிக்காததைவிட 3 டிகிரி முந்திவிட்டது. வெறும் கையால் தொட்டால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

வேறு குறைகளும் உண்டு. செல்சியஸ், பாரன்ஹீட் இரண்டையும் ஒரே வட்டத்தில் நெருக்கியிருப்பதால் எண்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. பனி இறங்கும் காலையில் கண்ணாடியின் உள்ளே ஆவி படிகிறது. இறுகிய மண்ணில் அழுத்தினால் தண்டு வளையும். முதலில் ஒரு குச்சியால் துளையிடுங்கள். ஈரத்தைப் பற்றி இது எதுவும் சொல்லாது. அதற்கு ஒரு பிடி மண்ணை இறுக்கி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஈரத்தில் கொத்திய களிமண் காய்ந்ததும் கட்டிதட்டிப் போகும்.

இத்தனை குறையோடும், விதை வாங்கும் முன் இதை வாங்குங்கள் என்றே சொல்வேன். இந்த வசந்தத்தில் 16 டிகிரி ஐந்து காலை நிலைத்த பிறகே பீன்ஸ் ஊன்றினேன். ஒன்பதாம் நாள் வரிசை நெடுக மண் கீறி, கொக்கிபோல் வளைந்த தண்டுகள் விதையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தன. இப்போது வெப்பமானி வெள்ளரிப் பாத்தியில் இருக்கிறது. இன்று காலை 14.