நோசாவாவா, ஸாவோவா?

பனிச்சறுக்கும் வெந்நீர் ஊற்றும் ஒரே ஊரில் வேண்டும் என்று ஜப்பானில் தேடினால் இந்த இரண்டு பெயர்களும் எதிரே வரும். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று.

பயணம்
நோசாவா ஒன்சென்: டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஈயாமாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். பிறகு பேருந்தில் 25 நிமிடம்.
ஸாவோ ஒன்சென்: யாமகாதாவுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். பேருந்தில் இன்னும் 40 நிமிடம்.

சறுக்கு
நோசாவா: உச்சி 1,650 மீட்டர், சுமார் 1,085 மீட்டர் இறக்கம். பழகியவர்களுக்குக் கொண்டாட்டம்.
ஸாவோ: அகலமான, மெதுவான சரிவுகள் நிறைய. சறுக்கத் தெரியாதவரும் ரோப்வேயில் ஏறி, பனி மூடிப் பூதங்களாய் நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். பிப்ரவரிதான் சரியான சமயம்.

குளியல்
நோசாவா: ஊருக்குள் 13 பொதுக் குளியலறைகள். ஊர்க்காரர்களே பராமரிக்கிறார்கள், கட்டணமில்லை, உண்டியலில் ஏதாவது போட்டால் போதும். சூடு மட்டும் லேசுப்பட்டதல்ல, காலை வைத்துப் பார்த்து இறங்குங்கள்.
ஸாவோ: கந்தகம் கலந்த கடும் அமிலநீர். வெள்ளிக் கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், கறுத்துப்போகும். படங்களில் மயக்கும் பெரிய திறந்தவெளிக் குளம் குளிர்காலத்தில் மூடியிருக்கும்!

பொதுக் குளியலில் இரண்டு ஊரிலும் ஆண், பெண் தனித்தனி, ஆனால் உடையில்லாமல்தான். கூச்சமென்றால் தனிக்குளியல் உள்ள விடுதியாகப் பாருங்கள்.

நாட்கள் குறைவு, சறுக்கத் தெரியும் என்றால் நோசாவா. குழந்தைகள், பெரியவர்களோடு பிப்ரவரியில் போகிறீர்களா, ஸாவோ. என் ஓட்டு நோசாவாவுக்கு, அந்த 13 குளியலறைகளுக்காகவே.