மிக்ஸ்சரை இழுத்தாலும் நிற்காத ஓ-320: செஸ்னா 172எம் பற்றி ஒரு புலம்பல்

செஸ்னா 172எம் என்ற பழைய நான்கு இருக்கைச் சிறு விமானத்தை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். வேகம், எரிபொருள் செலவு, தரையிறங்கும் சுபாவமெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் யாரும் விளம்பரத்தில் எழுதாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அணைக்கும்போது அணையாத இஞ்ஜின்.

அதிலிருக்கும் இஞ்ஜின் லைகமிங் ஓ-320-ஈ2டி, 150 குதிரைத்திறன். ஓடும்போது அதைக் குறை சொல்ல மனசாட்சி இடம் தராது. வம்பெல்லாம் நிறுத்துவதில்தான். இதைச் சாவியால் நிறுத்தக் கூடாது. எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் குமிழைக் கடைசிவரை இழுத்தால் கார்புரேட்டருக்குள் எரிபொருள் வழி மூடும், மிச்சமிருப்பது எரிந்து தீரும், இஞ்ஜின் தானாக ஓயும். சாவி அதற்குப் பிறகுதான். சிலிண்டரில் எரிபொருள் தங்கி, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோக்களில் ஒன்று உயிரோடிருந்தாலும், ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாகத் திருப்பினாலே, மெதுவாகச் சுழலும்போதும் பொறி தர உதவும் இம்பல்ஸ் கப்ளிங் ஒரு பொறியை அடிக்கும். கை போகும், சில சமயம் ஆளே போவார்.

இழுத்த பின் என்ன நடக்கிறது என்று சுழல்வேகம் (ஆர்.பி.எம்.) காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். ஆர்.பி.எம். சற்றே ஏறி, பிறகு சட்டென்று விழுந்தால் நலம். ஏற்றம் 50-ஐத் தாண்டினால் ஐட்லிங்கில், அதாவது த்ராட்டிலை மூடி மெதுவாக ஓடும்போது, கலவையில் எரிபொருள் அதிகம். ஏறாமலே விழுந்தால் குறைவு. இரண்டுக்கும் மருந்து ஐட்லிங் மிக்ஸ்சர் திருகுதான். குமிழை இழுத்தும் எந்த மாற்றமுமில்லை என்றால் கேபிள் நழுவியிருக்கிறது, இல்லை அறுந்திருக்கிறது. விழுந்து, தடுமாறி, உதறிக்கொண்டே ஓடினால் எங்கிருந்தோ எரிபொருள் கசிந்து வருகிறது. மண்டை காய வைப்பது இதுதான்.

உதறும் இஞ்ஜினுக்கு உடனே கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். பட்டறைக்காரர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள், பில்லும் அதில்தான் ஏறும். முதலில் இஞ்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்து, ஒருவர் உள்ளே குமிழை இழுக்க, இன்னொருவர் கார்புரேட்டரில் மிக்ஸ்சர் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் தன் ஸ்டாப்பில் முட்டியே ஆக வேண்டும். குமிழ் முழுதாக வெளியே வந்தும் லீவர் முட்டாமல் நின்றால், கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து உறையும் கூடவே நகர்கிறது, அல்லது லீவர் முனையில் கம்பி நழுவியிருக்கிறது. குமிழை முழுதாக உள்ளே தள்ளும்போதும் மறுபக்கத்து ஸ்டாப்பில் லீவர் முட்ட வேண்டும். அங்கே குமிழுக்கும் பேனலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி மிஞ்சினால்தான் முட்டுவது லீவர், குமிழ் அல்ல என்று நம்பலாம்.

லீவர் சரியாக முட்டுகிறதா? அடுத்தது பிரைமர், அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் எரிபொருள் செலுத்தும் கைப் பம்பு. என் முழுக் கோபமும் இதன் மேல்தான். இது மிக்ஸ்சருக்குக் கட்டுப்படாத தனிப் பாதை: எரிபொருளைக் கார்புரேட்டரைத் தொடாமல் நேராகச் சிலிண்டரின் இன்டேக் போர்ட்டுக்கே (கலவை நுழையும் வாய்க்கே) கொண்டுபோகும். பிரைமர் குமிழை உள்ளே தள்ளித் திருகிப் பூட்டாவிட்டாலோ, பூட்டியும் உள்ளிருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருந்தாலோ, இஞ்ஜின் அதன் வழியே தானே உறிஞ்சிக் குடிக்கும். த்ராட்டில் மூடியிருக்கையில் இன்டேக்கில் வெற்றிடம் அதிகம், அதனால் பறக்கும்போது ஒன்றும் தெரியாது. ஐட்லிங்கில் கருப்புப் புகை, நிறுத்தும்போது உதறல். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் குட்டு வெளிப்படும்: பிரைமர் குழாய் போகும் சிலிண்டரில் மட்டும் கரி படிந்திருந்தால் குற்றவாளி பிரைமர், எல்லாவற்றிலும் படிந்திருந்தால் கார்புரேட்டர். உறுதிப்படுத்த, பிரைமர் குழாயை இஞ்ஜின் பக்கம் கழற்றி, இரு முனைகளையும் மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது சுத்தமாக நின்றால் ஓ-ரிங்கை மாற்றினால் போதும். ஒரு ரப்பர் வளையம்! அதற்காகக் கார்புரேட்டர் ஓவர்ஹாலுக்குப் பணம் கட்டியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதற்குப் பிறகும் உதறினால்தான் மார்வெல்-ஷெப்ளர் எம்ஏ-4எஸ்பிஏ கார்புரேட்டர் கழற்றப்பட வேண்டும். உள்ளே மிக்ஸ்சர் வால்வு தேய்ந்து முழுதாக மூடாமலிருக்கும். நின்ற பின் கார்புரேட்டருக்குக் காற்று தரும் ஏர்பாக்ஸிலிருந்து எரிபொருள் சொட்டினால், மிதவை திறந்து மூடும் நீடில் வால்வும் அதன் சீட்டும் சந்தேகத்துக்குரியவை.

சாவியின் கதை வேறு. மேக்னெட்டோ பேட்டரியை நம்பி ஓடுவதில்லை. பி-லீட் என்ற கம்பி அதை எர்த் செய்தால்தான் அணையும். கம்பி அறுந்தால் மேக்னெட்டோ அணையவே அணையாது. பறக்குமுன் செய்யும் ரன்-அப் சோதனையில் 1700 ஆர்.பி.எம்.மில் இரண்டில் ஒரு மேக்னெட்டோவுக்கு மட்டும் மாற்றும்போது 125-க்கு மேல் விழக் கூடாது என்று எல்லோருக்கும் மனப்பாடம். கொஞ்சம்கூட விழாவிட்டாலும், மற்ற மேக்னெட்டோ அணையாமலிருக்கலாம், ஆபத்து என்பதைச் சிலர் மறந்து, ‘அருமையான இஞ்ஜின்’ என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். பென்டிக்ஸ் நிறுவனத்தின் சாவி ஸ்விட்ச் இருந்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் 76-07-12 உத்தரவுப்படி 100 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை: ஐட்லிங்கில் சாவியை ஆஃப் தாண்டி இடது எல்லைவரை திருப்பினால் இஞ்ஜின் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஸ்விட்சை மாற்று. ஆஃப் தவிர வேறு நிலையில் சாவி கழன்று வந்தாலும் மாற்று.

எதற்கும் அடங்காமல் இஞ்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால்? மிக்ஸ்சர் இழுத்தபடியே இருக்கட்டும், எந்த டேங்க் என்று தேர்ந்தெடுக்கும் எரிபொருள் செலக்டரை ஆஃபில் வையுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடும், காத்திருங்கள். அதன் பின் சாவி. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ப்ரொப்பெல்லரில் ‘தொடாதே’ அட்டை தொங்கவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ரோடாக்ஸ் 912 என்ற சிறு விமான இஞ்ஜின் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு மிக்ஸ்சர் குமிழே இல்லையென்று சிரிப்பார்கள். அவர்களுடைய இக்னிஷன் மாட்யூலின் எர்த் கம்பி அறுந்தால், எரிபொருள் வால்வைத் தவிர அவர்களுக்கும் கதியில்லை.

நண்பருக்குப் பதில்: இஞ்ஜின் தங்கம், பாகங்கள் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனாலும் வாங்காதீர்கள். பிரைமர் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும் ஒன்று கிடைத்தால் மட்டும் என்னிடம் முதலில் சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.