சிரட்டைக் கரியா, நிலக்கரியா? குடிநீர் ஃபில்டருக்கு எது?

வீட்டு ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது நுண்துளைகள் திறக்கப்பட்ட கரியை, மாற்ற வேண்டி வந்தபோது முன்னால் இருந்தவை மூன்று: தேங்காய்ச் சிரட்டையில் செய்தது, நிலக்கரியில் செய்தது, மரத்தில் செய்தது. சிரட்டையைத்தான் எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் எல்லாத் தண்ணீருக்கும் அல்ல.

பொதுவானவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றும் குளோரின் வாடை, மண்வாடை, பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றைக் குறைக்கும். உப்பு, நைட்ரேட், தண்ணீரின் கடினத்தன்மை ஆகியவற்றை மூன்றுமே தொடாது. கிருமியையும் கொல்லாது. அடுப்புக்கரியை இடித்துப் போட்டால் போதாதா என்றால், போதாது. 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி பாய்ச்சியோ, பாஸ்பாரிக் அமிலம் போன்றவற்றில் ஊறவைத்துச் சுட்டோதான் உள்ளே நுண்துளைகளைத் திறக்கிறார்கள். நல்ல கரியில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைப்பது அதனால்தான்.

வித்தியாசம் துளையின் அளவில் இருக்கிறது. சிரட்டைக் கரியில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. குளோரின் போட்ட தண்ணீரில் உண்டாகும் குளோரோஃபார்ம் போன்ற சிறிய மூலக்கூறுகளை அவை நன்றாகப் பிடிக்கும். நிலக்கரியில் செய்ததில் சிறியதும் நடுத்தரமும் கலந்திருக்கும். மரத்தில் செய்ததில் அகலமானவை அதிகம். இலைதழை மக்கிப் பழுப்பேறிய ஆற்றுநீர், குளத்துநீர் என்றால் அந்தப் பெரிய மூலக்கூறுகள் சிரட்டைக் கரிக்குள் நுழையவே திணறும். அங்கே நிலக்கரியில் செய்ததுதான் சரி, மறுக்கவில்லை.

எங்கள் தண்ணீர் நிறமில்லாத குழாய்த் தண்ணீர். அதற்கு முதல் இரண்டுமே ஒத்துவரும் என்ற நிலையில், முடிவு செய்ய வைத்தது பராமரிப்பு. எங்களுடையது குருணைக் கரி நிரப்பிய உருளை. அவ்வப்போது பேக்வாஷ் செய்ய வேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக வேகமாகத் திருப்பிவிட்டால் குருணைகள் எழும்பி ஒன்றோடொன்று உரசும். மென்மையான கரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாவாகி வெளியேறும். கரியின் உயரம் குறையும், மிச்ச மாவு அடுத்த ஃபில்டரை அடைக்கும். மூன்றில் சிரட்டைக் கரிதான் கெட்டி. விரல்களுக்கிடையே தேய்த்தால் மணல்போல நறநறக்கும், மரக்கரியோ மை மாதிரி அப்பிக்கொள்ளும்.

புதிதாக நிரப்பும்போதுதான் பொறுமை வேண்டும். காய்ந்த குருணையில் தண்ணீர் ஊற்றியதும் உஸ்ஸென்று காற்றுக் குமிழ்கள் கிளம்பும். இரவு முழுக்க ஊறவிட்டு, கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை அலசிக் கொட்டுங்கள். ஊறாமல் பேக்வாஷ் போட்டால், காற்றடைத்த குருணைகள் மிதந்து தண்ணீரோடு போய்விடும்.

சரி, எப்போது மாற்றுவது? இதில்தான் பலர் டிடிஎஸ் மீட்டரை நம்புகிறார்கள். அது கரைந்த உப்பைக் காட்டுவது. கரி புதிதாக இருந்தாலும் தீர்ந்துபோயிருந்தாலும் அதே எண்தான் வரும். குளோரின் சோதனைச் சொட்டு அதைவிடப் பயன்படும். ஆனால் வெளிவரும் தண்ணீரில் குளோரின் தென்படும்வரை காத்திருக்கக் கூடாது, குளோரோஃபார்ம் அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்கியிருக்கும். ஆகவே தயாரிப்பாளர் சொன்ன லிட்டர் கணக்கை மேல் வரம்பாக வைத்து, அதற்குள் மாற்றிவிடுவதே நல்லது. இந்த விஷயத்தில் எந்தக் கரிக்கும் சலுகை இல்லை. இன்னொன்று: குளோரினைக் கரி எடுத்துவிடுவதால் உள்ளே தேங்கும் தண்ணீரில் பாக்டீரியா பெருகும். ஊருக்குப் போய்த் திரும்பினால் முதலில் நன்றாகத் திறந்துவிட்டு, அப்புறம் பிடியுங்கள்.

வாங்கும்போது அயோடின் எண்ணை, அதாவது ஒரு கிராம் கரி எவ்வளவு அயோடினைப் பிடிக்கும் என்ற கணக்கை, மட்டும் கேட்காதீர்கள். கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது சிறிய துளைகளைப் பற்றித்தான் சொல்லும். கரி எவ்வளவு கெட்டி என்று காட்டும் கடினத்தன்மை எண்ணையும், அதில் எரியாமல் மிஞ்சும் சாம்பலின் விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சிரட்டைக் கரியில் சாம்பல் பொதுவாகக் குறைவு.

உமிக்கரியை நான் குடிநீருக்குப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. உமியில் சிலிக்கா அதிகம் என்பதால், அதை நீக்காமல் செய்த கரியில் சாம்பல் கூடுதலாக இருக்கும். யாராவது விற்றால் நான் முதலில் கேட்பது அந்தச் சாம்பல் கணக்கைத்தான்.