லாராவெல் பாலிமார்ஃபிக் ரிலேஷன்: காகிதத்துக்குச் சரி, காசுக்கு வேண்டாம்

வாளையாறு பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுவதாக வையுங்கள். வண்டிக்கு ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், பெர்மிட், டிரைவருக்கு லைசென்ஸ், லோடுக்கு இ-வே பில். மூன்றுக்கும் தனித்தனி ஆவண டேபிள் போட்டால், இந்த வாரம் எது எது காலாவதி ஆகிறது என்று பார்க்க மூன்று இடத்தில் தேட வேண்டும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலில், டேட்டாபேஸைக் கையாளும் எலோக்வென்ட்டில் ஒரே டேபிள் போதும். ஒரு ஆவணம் வண்டி, டிரைவர், லோடு என எதற்கும் சொந்தமாகலாம்; அதுதான் பாலிமார்ஃபிக் ரிலேஷன்.

டேபிளை உருவாக்கும் மைக்ரேஷன் ஃபைலில் 'மார்ஃப்ஸ்' என்று ஒரு வரி. ஐடி (எந்த ரெக்கார்டு), டைப் (எந்த மாடல்) என இரண்டு ஃபீல்டும், இரண்டையும் சேர்த்த இண்டெக்ஸும் வந்துவிடும். ஆவண மாடலில் (டேபிளுக்கான கிளாஸ்) உரியவரைக் காட்டும் மார்ஃப்டூ, மற்ற மூன்றிலும் ஆவணங்களைக் காட்டும் மார்ஃப்மெனி. இதுவரை குறையே இல்லை.

வில்லங்கம் டைப் ஃபீல்டில் இருக்கிறது. சும்மா விட்டால் மாடல் கிளாஸின் முழுப் பெயரும் அதில் ஏறும். 2020-ல் வந்த லாராவெல் 8, மாடல்களுக்கு 'மாடல்ஸ்' என்று தனி ஃபோல்டர் கொடுத்தது. பழைய புராஜெக்ட்டில் ஃபைல்களை அங்கே மாற்றியவர்களுக்கு கிளாஸின் முழுப் பெயர் மாறிவிடும், டைப்பில் பழைய பெயரே கிடக்கும். அதனால் ஆவணத்திலிருந்து வண்டிக்குப் போனால் கிளாஸ் இல்லை என்று எரர். வண்டியிலிருந்து ஆவணத்துக்குப் போனால் எரர்கூட வராது, காலி லிஸ்ட்தான் வரும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆப் தொடங்கும்போது ஓடும் ஆப்சர்வீஸ்புரொவைடரின் 'பூட்' மெதடில் என்ஃபோர்ஸ்மார்ஃப்மேப் போட்டு 'லாரி', 'டிரைவர்', 'லோடு' என்று சின்னப் பெயர் கொடுங்கள், முதல் நாளே. பிறகு சேர்ப்பதானால் ஏற்கெனவே உள்ள ரெக்கார்டுகளின் டைப்பையும் அப்டேட் செய்தாக வேண்டும்.

அடுத்து, ஃபாரின் கீ (ஃபீல்டு காட்டும் ரெக்கார்டு உண்மையில் இருக்கிறதா என்று டேட்டாபேஸே பார்க்கும் விதி) போட வழியில்லை. ஒரே ஃபீல்டு மூன்று டேபிளைக் காட்டினால் டேட்டாபேஸ் எதை என்று காவல் காக்கும்? வண்டியை அழித்தால் அதன் காகிதங்கள் அநாதையாகக் கிடக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 8-க்கு முந்தைய பதிப்புகளில் இன்னும் மோசம்: கடைசி ரெக்கார்டை அழித்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அதே ஐடி மறுபடி வரலாம். புது வண்டிக்குப் பழைய வண்டியின் எஃப்சி ஒட்டிக்கொள்ளும். ரெக்கார்டை அழிக்கும்போது ஓடும் டிலீட்டிங் ஈவென்ட்டில் ஆவணங்களையும் அழிப்பது வழக்கமான மருந்து. ஆனால் 'வேர்' (where) நிபந்தனை போட்டு மொத்தமாக அழித்தால் அந்த ஈவென்ட் ஓடாது. அநாதை ஆவணங்களை நீக்க ராத்திரி ஒரு துப்புரவு கமாண்டும் வையுங்கள்.

60 ஆவணங்களை, உரியவர்களையும் மொத்தமாக முன்கூட்டியே எடுக்கும் 'வித்' (with) இல்லாமல், உரியவரோடு காட்டினால் 61 குவெரி. 'வித்' போட்டால் மூன்று மாடலுக்கும் சேர்த்து 4. உரியவரின் பெயரை வைத்துத் தேட வேர்ஹேஸ்மார்ஃப் எழுதுங்கள். ஒரு மாடலுக்கு நம்பர் ஐடி, இன்னொன்றுக்கு யுயுஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த நீள ஐடி) என்று கலந்து வைத்திருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

டேட்டாபேஸின் காவல் இல்லாததால் வாடகை, டீசல் அட்வான்ஸ் போன்ற பணக் கணக்கை இதில் கட்டவே கூடாது. அதற்கு லாரி, டிரைவர், லோடு என மூன்று நல்லபிள் (காலியாக விடக்கூடிய) ஃபாரின் கீ வைத்து, ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும் என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போடுங்கள். மைஎஸ்கியூஎல் அதை 8.0.16 முதல்தான் மதிக்கிறது; அதற்கு முன்பு எழுதினாலும் கண்டுகொள்ளாது.